"அனுமதித்தோம்" என்ற பதிலை ஏற்காதீர்கள்

ஜெனீவா ஒப்பந்தங்களை ஏற்றுக்கொண்ட 196 நாடுகளின் அரசுகளுக்கு,

வணக்கம்.

ஆக்கிரமிக்கப்பட்ட மண்ணில் மக்கள் படும் பாட்டை நான் விளக்க வேண்டியதில்லை. உங்கள் தூதர்கள் எழுதி அனுப்பிய அறிக்கைகள் உங்கள் மேசையிலேயே இருக்கின்றன. என்னை எழுதவைத்தது ஒரு சொல்: "அனுமதித்தோம்". இத்தனை லாரி மருந்தை அனுமதித்தோம், இத்தனை நோயாளிகளை வெளியே போக அனுமதித்தோம் என்று ஆக்கிரமித்துள்ள ராணுவம் கணக்குச் சொல்கிறது. நீங்களும் அதை வரவேற்கிறீர்கள். தயவுசெய்து இனி வரவேற்காதீர்கள்.

தன்னால் இயன்ற அளவு முழுவதும் முயன்று மக்களுக்கு உணவும் மருந்தும் கிடைக்கச் செய்வது அந்த ராணுவத்தின் கடமை. போரில் பொதுமக்களைக் காப்பதற்கான 1949-இன் நான்காவது ஜெனீவா ஒப்பந்தம் 55-ஆம் பிரிவில் இதைச் சொல்கிறது. மருத்துவமனைகள் இயங்குவதும் அதன் பொறுப்பு என்கிறது 56. இருப்பு போதாதென்றால் வெளியிலிருந்து வரும் உதவிக்கு இசைந்தே ஆக வேண்டும் என்கிறது 59. லாரிகளைச் சோதிக்கலாம், நேரத்தையும் வழியையும் முறைப்படுத்தலாம், அவ்வளவுதான். உதவி வந்துவிட்டதால் கடமை தீர்ந்துவிடாது என்று 60-ஆம் பிரிவு தனியாகவே சொல்லிவைத்திருக்கிறது.

சிறுநீரகம் செயலிழந்த ஒருவரை நினைத்துப் பாருங்கள். வழக்கமாக வாரம் மூன்று முறை, ஏறக்குறைய நான்கு மணி நேரம் டயாலிசிஸ். ஒவ்வொரு முறைக்கும் சுமார் 120 லிட்டர் சுத்திகரித்த தண்ணீர் வேண்டும். ஜெனரேட்டருக்கு டீசல் வராவிட்டால் மூன்று முறை இரண்டாகிறது, நான்கு மணி நேரமும் இரண்டாகிறது. உடம்பில் நீர் கோத்துக்கொள்கிறது. படுத்தால் மூச்சுத் திணறும் என்பதால் உட்கார்ந்தபடியே விடிய வேண்டியிருக்கிறது. அப்புறம் பொட்டாசியம் ஏறி ஒருநாள் இதயம் நின்றுவிடுகிறது. குண்டு பட்டு இறந்தவர்கள் பட்டியலில் அவர் பெயர் வராது. டீசல் ஏன் வரவில்லை என்று அந்த ராணுவத்தை யாராவது கேட்டீர்களா?

நீதிமன்றம் இருக்கிறதே என்பீர்கள். காங்கோவின் இட்டூரி பகுதியில் உகாண்டா ஆக்கிரமிப்புச் சக்தியாக இருந்தது, தன் கடமையில் தவறியது என்று சர்வதேச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2005-இல். இழப்பீடு 32.5 கோடி டாலர் என்று முடிவானது 2022-இல். சரி, தீர்ப்பு வேண்டியதுதான். ஆனால் அடுத்த டயாலிசிஸுக்கு நாளை மறுநாள் வரவேண்டியவரிடம் பதினேழு வருடம் பொறு என்று சொல்ல முடியுமா?

ஒப்பந்தத்தின் முதல் பிரிவு உங்களுக்கானது. நீங்கள் மதித்தால் மட்டும் போதாது, பிறரும் மதிப்பதை உறுதி செய்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள். அந்த வாக்கையும் வைத்துக்கொண்டு அதே ராணுவத்துக்கு ஆயுதமும் விற்கிறீர்களே, அது எந்தப் பிரிவில் இருக்கிறது?

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது இதுதான். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் எவ்வளவு எரிபொருள், தண்ணீர், மருந்து தேவை, எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று அந்த ராணுவத்திடம் எழுத்தில் கேளுங்கள். வரும் பதிலை வெளியிடுங்கள். "அனுமதித்தோம்" என்று பதில் வந்தால் ஏற்காமல் திருப்பி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாக்கை நம்பியிருக்கும் ஒருவர்