இரத்தம் ஏற்றாமல் முழங்கால் மாற்றலாமா? அத்தைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அத்தைக்கு,

பெயர் போடாவிட்டால் சரி என்று நீங்கள் சொன்னதால் இதைப் பொதுவிலேயே எழுதுகிறேன். முழங்கால் வலியோடு "இரத்தம் மட்டும் ஏற்ற மாட்டேன்" என்று சொல்லி ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்குபவர்கள் உங்கள் சபையிலேயே இன்னும் சிலர் இருப்பார்கள்.

யெகோவாவின் சாட்சிகள் 1945 முதல் இரத்தம் ஏற்றிக்கொள்வதில்லை. அதைப் பற்றி வாதாட நான் வரவில்லை. அப்பா வருஷக்கணக்கில் வாதாடிப் பார்த்து ஓய்ந்துவிட்டார். மயக்க மருந்து டாக்டராக எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

இரத்தம் ஏற்றாமல் ஆபரேஷன் செய்ய முடியாது என்று உங்களைத் திருப்பி அனுப்பிய டாக்டர் மேல் கோபம் வேண்டாம். இரத்தம் போகும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்பது எங்களுக்கு லேசான காரியமில்லை. ஆனால் முடியாத காரியமும் இல்லை. அமெரிக்காவில் ஹூஸ்டனில் இதய அறுவை சிகிச்சை நிபுணர் டென்டன் கூலியின் குழு உங்கள் சபையினருக்கு இரத்தம் ஏற்றாமலே செய்த 542 இதய, இரத்தக்குழாய் அறுவை சிகிச்சைகளின் விவரத்தை 1977இலேயே வெளியிட்டது.

உங்கள் ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபின் 10.4. பெண்களுக்கு 12க்குக் கீழே போனாலே இரத்தசோகைதான். ஒரு முழங்காலை மாற்றினால் பொதுவாக 2, 3 பாயிண்ட் இறங்கும். இப்போதே போனால் 7, 8இல் வந்து நிற்பீர்கள். மற்றவர்களுக்கு நாங்கள் இரத்தம் ஏற்ற யோசிப்பது அங்கேதான். 13இல் போனால், இறங்கினாலும் 10 இருக்கும். அதனால் ஆபரேஷன் தேதியை நாள்காட்டி பார்த்துக் குறிக்காதீர்கள், ஹீமோகுளோபின் பார்த்துக் குறியுங்கள்.

முதலில் அது ஏன் 10.4 என்று கண்டுபிடிக்க வேண்டும். மெடிக்கலில் நீங்களே கேட்டு வாங்கி விழுங்கும் டைக்ளோஃபெனாக் வலி மாத்திரை மேல்தான் எனக்குச் சந்தேகம். வயிற்றில் புண்ணாகி, வெளியே தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாக இரத்தம் கசியலாம். ஓட்டை அடையாமல் குடத்தை நிரப்பி என்ன பயன்? அப்புறம் இரும்புச்சத்து, பி12, ஃபோலிக் அமிலம். மாத்திரையில் மாதக்கணக்காகும், நரம்பு வழியாக இரும்பு ஏற்றினால் சில வாரங்களிலேயே பலன் தெரியும். அதுவும் போதாவிட்டால் எரித்ரோபொய்டின் ஊசி. நம் சிறுநீரகமே சுரக்கும் ஹார்மோன்தான் அது. சில பிராண்டுகளில் மனித இரத்தத்திலிருந்து பிரித்த ஆல்புமின் கலந்திருக்கும், அது இல்லாததும் கிடைக்கும். எது ஆகும் என்பது உங்கள் மனசாட்சியைப் பொறுத்தது, ஆனால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இந்த ஊசியால் இரத்தம் உறையும் அபாயம் கொஞ்சம் கூடும் என்பதால் அதற்கும் மருந்து தருவார்கள்.

ஆபரேஷன் அன்றைக்கு டிரானெக்சாமிக் அமிலம் கேளுங்கள். ஜப்பானில் ஒகமோட்டோ தம்பதியர் கண்டுபிடித்தது, விலையும் குறைவு. உறைந்த இரத்தம் சீக்கிரம் கரைந்துவிடாமல் பிடித்து வைக்கும். மயக்கம் முதுகில் ஊசி போட்டே கொடுக்கலாம். பிறகு பரிசோதனைக்கு எடுக்கும் இரத்தத்தையும் குழந்தைகளுக்கான சின்னக் குழாயில் எடுக்கச் சொல்லலாம். "ஒரே பில்லில் இரண்டு காலையும் முடித்துவிடலாம்" என்று யாராவது சொன்னால் மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒரு கால், அது தேறி ஹீமோகுளோபினும் ஏறிய பிறகு அடுத்த கால்.

ஒன்றை மறைக்க மாட்டேன். முழங்காலுக்குப் பின்னால் ஒரு பெரிய தமனி ஓடுகிறது. அதில் காயம் படுவது அபூர்வம். பட்டால், மேலே சொன்ன எதுவுமே போதாமல் போய் உயிர் போகலாம். அப்போதும் இரத்தம் வேண்டாமா என்று டாக்டர் கேட்பார். மாமாவும் சபை மூப்பர்களும் வெளியே இருக்கட்டும். நீங்கள் தனியாக அவரிடம் பதில் சொல்லுங்கள். என்ன சொன்னாலும் அதை எழுதிக் கையெழுத்தும் போட்டுவிடுங்கள். பர்ஸில் இருக்கும் "இரத்தம் வேண்டாம்" அட்டை மட்டும் போதாது.

அடுத்த வாரம் வரும்போது வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டைகளை எல்லாம் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள், ஆஸ்பிரின் உட்பட. நாட்டு மருந்துக் கடை லேகியம் ஏதாவது சாப்பிட்டால் அந்த டப்பாவும் வரட்டும். நானாக எதையும் நிறுத்தச் சொல்லும்வரை பிரஷர் மாத்திரையை விடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்