மண்டபம் கடல் பயணம்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு, வணக்கம்.

எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைக் கடலுக்குள் பவளம் பார்க்க மண்டபத்துக்குக் கூட்டிப்போய் வந்ததில் இருந்து எனக்கு வரும் போன்களில் இரண்டு விதமான கோபம் தெரிகிறது. கடல் அப்படி ஆடும்போது எங்கள் பிள்ளைகளை எப்படிப் படகில் ஏற்றினீர்கள் என்று ஒரு பக்கம். பணமும் கட்டி, அவ்வளவு தூரமும் அனுப்பிவைத்தோம், என் பிள்ளையைத் தண்ணீரில் இறக்காமலே திருப்பிக் கூட்டி வந்துவிட்டீர்களே என்று இன்னொரு பக்கம். இதற்கு நடுவில் படகு குலுங்கும் அந்த வீடியோ வேறு, யாரோ பாட்டுச் சேர்த்து வாட்ஸ்அப்பில் விட்டது, காட்பாடியில் இருந்து பேரணாம்பட்டு வரைக்கும் சுற்றிப் பல வீட்டுப் பாட்டிகளின் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட நடந்ததை முழுசாக எழுதிவிடுகிறேன். போன பிள்ளைகள் எல்லோரும் பத்திரமாகத் திரும்பிவிட்டார்கள். ஒரு பையனுக்கு முழங்காலில் பவளம் சிராய்த்தது, அங்கேயே கழுவி மருந்து போட்டு, அவன் வீட்டுக்கும் அப்போதே சொல்லிவிட்டோம்.

முதலில் அந்தக் கடலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் வேலூரில் இருந்து பார்த்தால் எல்லாக் கடலும் மெரினா கடல்தான். மண்டபம் என்பது ராமநாதபுரம் மாவட்டத்தின் முனையில் இருக்கும் ஒல்லியான நிலம், அதைத் தாண்டினால் பாம்பன் பாலம், அப்புறம் ராமேஸ்வரம் தீவு. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. அங்கே இருப்பவர்கள் வடகடல், தென்கடல் என்பார்கள். இரண்டுக்கும் நடுவில் தூரம் அதிகமில்லை, ஆனால் குணம் முழுக்க வேறு. தென்கடல் ஆழமானது, இந்தியப் பெருங்கடலைப் பார்த்துத் திறந்து கிடப்பது, தென்மேற்குக் காற்று அடிக்கும் ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்தப் பக்கம் அலை அதிகம். வடகடலுக்கு ஆழம் குறைவு, ஐப்பசியில் வாடைக்காற்று தொடங்கினால் இந்தப் பக்கம் ஆடும். ஆழமில்லாத கடலில் காற்று கிளம்பினால் அலை குட்டையாகவும் நெருக்கமாகவும் எழும்பும், ஒன்று அடங்குவதற்குள் அடுத்தது வந்து சின்னப் படகைத் தூக்கித் தூக்கிப் போடும், அடியில் இருக்கும் மணலும் சேறும் கலங்கிவிடும்.

அரையாண்டு விடுமுறையில் போயிருக்கலாமே, பாடம் கெட்டிருக்காதே என்று சிலர் கேட்டீர்கள். டிசம்பரில் அந்தக் கரையில் வாடையும் இருக்கும், புயல் பருவமும் இருக்கும். தனுஷ்கோடியை அழித்த புயல் வந்தது 1964 டிசம்பரில். கோடை விடுமுறை என்றால் கடல் அமைதியாக இருக்கலாம், ஆனால் தண்ணீர் சூடாகி, பவளம் வெளுத்துப்போவது அந்த மாதங்களில்தான், 2010லும் 2016லும் மன்னார் வளைகுடாவில் பெரிய அளவில் அப்படி வெளுத்தது. உயிரோடு, நிறத்தோடு இருக்கும் பவளத்தைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்றால் பொங்கல் கழிந்து, வாடை தணிந்து, வெயில் ஏறுவதற்கு முன்னால் போக வேண்டும். அதனால்தான் பிப்ரவரி.

முந்தின நாள் மாலை வானிலை மையம் மீனவர்களுக்குக் கொடுக்கும் எச்சரிக்கையையும், ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் வெளியிடும் அலை உயர அறிவிப்பையும் பார்த்தோம். ஒன்றிலும் எச்சரிக்கை இல்லை. பாம்பனில் புயல் கூண்டு ஏற்றவில்லை. காலையில் வடகடல் கரைக்குப் போனபோது காற்று இருந்தது, ஆனால் நாட்டுப்படகுகள் வழக்கம்போலப் போய்க்கொண்டிருந்தன. படகுக்காரரிடம் கேட்டோம், போகலாம், ஆனால் நான் சொல்கிற நேரத்தில் திரும்பிவிட வேண்டும் என்றார். சரி என்று ஒப்புக்கொண்டுதான் ஏறினோம். ஆக, கொந்தளிக்கிற கடலில் பிள்ளைகளை ஏற்றினோம் என்பது சரியில்லை. போகக்கூடிய கடலில்தான் போனோம், அது நடுவில் மாறியது, மாறிய உடனே திரும்பினோம்.

ஏறுவதற்கு முன்னால் கரையோரத்தில் இடுப்பளவு தண்ணீரில் நெடுநேரம் பயிற்சி நடந்தது. ஸ்நார்கல் என்பது ஒன்றும் பெரிய கருவி இல்லை, கண்ணையும் மூக்கையும் சேர்த்து மூடும் ஒரு முகக் கண்ணாடி, வாயில் கவ்விக்கொள்ளும் ஒரு குழாய், அவ்வளவுதான். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மிதந்துகொண்டே வாயால் மூச்சுவிட வேண்டும். கண்ணாடியில் பனி படியாமல் இருக்க உள்பக்கம் எச்சில் துப்பித் தேய்க்கச் சொன்னதும் ஒரே கூச்சல், அப்புறம் எல்லோரும் துப்பினார்கள். குழாயை இன்னும் நீளமாகச் செய்தால் இன்னும் ஆழமாகப் போகலாமே என்று ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள். முடியாது, சற்று ஆழம் போனாலே நெஞ்சின்மேல் தண்ணீர் அழுத்தும் அழுத்தத்தை எதிர்த்து நுரையீரலால் காற்றை இழுக்க முடியாது, நீளமான குழாயில் நாம் விட்ட மூச்சே தங்கித் திரும்ப உள்ளே வரும். வகுப்பில் அழுத்தம் பற்றி எத்தனையோ முறை நடத்தியிருக்கிறோம், அன்றைக்குத்தான் அது அவர்களுக்கு நெஞ்சில் புரிந்தது.

அலை இருக்கும்போது இந்தக் குழாய்தான் சிக்கல். அலை தலைக்கு மேல் ஏறினால் குழாய்க்குள் தண்ணீர் இறங்கும், உடனே வேகமாக ஊதி வெளியே தள்ள வேண்டும், பழகாத பிள்ளை ஊதாமல் உள்ளே இழுத்துவிடும். இதையும் கரையிலேயே திரும்பத் திரும்பச் செய்யவைத்தார்கள். கை ஜாடையும் சொல்லிக்கொடுத்தார்கள், கட்டைவிரலை உயர்த்தினால் அங்கே அர்த்தம் மேலே போகிறேன் என்பது. நம் பையன் ஒருவன் சந்தோஷத்தில் கட்டைவிரலைக் காட்ட, பயிற்சியாளர் அவனைத் தூக்கிப் படகில் உட்கார வைத்துவிட்டார்.

படகில் போகும்போது சில பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள், உண்மை. லேசாக இரண்டு இட்லி போதும் என்று சொல்லியிருந்தோம், பொங்கலும் வடையும் வயிறு முட்டச் சாப்பிட்டவர்களுக்குத்தான் அதிகம். படகின் பின்பக்கம் உட்காரவைத்து, தூரத்தில் கடலும் வானமும் சேரும் கோட்டையே பார்க்கச் சொன்னதும் பலருக்கு நின்றது. லைஃப் ஜாக்கெட்டை ஒருவரும் கழற்றவில்லை, படகில் இருந்த நேரம் முழுக்க. வீடியோவில் கேட்கும் கூச்சலில் பாதி பயம், பாதி குஷி, உங்கள் பிள்ளையிடமே கேட்டுப் பாருங்கள்.

முதல் அணி இறங்கியது. தண்ணீர் கொஞ்சம் கலங்கலாக இருந்தாலும் பார்க்க முடிந்தது. மூளைப் பவளம், மான்கொம்புப் பவளம், மஞ்சள் கோடு போட்ட வண்ணாத்தி மீன், கூட்டமாகப் போன ஓரா மீன், மணலில் அசையாமல் கிடந்த கடல் அட்டை. வெளியே வந்தவர்கள் பேசியதை நின்று கேட்டேன். பாறை என்று நினைத்தது பாறை இல்லை, ஒவ்வொரு புள்ளியும் ஒரு உயிர், அந்த உயிருக்குள்ளே பாசி குடியிருந்து சாப்பாடு செய்து கொடுக்கிறது என்பதைப் புத்தகத்தில் படித்த அதே பிள்ளைகள், கண்ணால் பார்த்துவிட்டு வந்து நமக்கே பாடம் நடத்துகிறார்கள்.

அப்புறம் காற்று கூடியது. படகுக்காரர் எழுந்து நின்று வடகிழக்கைப் பார்த்தார், எல்லோரையும் ஏறச் சொல்லுங்கள் என்றார். அவர் குரல் உயரவில்லை, ஆனால் அதில் பேச்சுக்கு இடமில்லை. இரண்டாவது அணி முகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தயாராக இருந்தது. ஒரு பெண் பிள்ளை அழுதுவிட்டாள். கூட வந்த பெற்றோரில் ஒருவர், அஞ்சு நிமிஷம்தானே சார், சும்மா இறக்கி ஏத்திடலாமே என்றார். நான் முடியாது என்று சொன்னேன், இப்போதும் அதையேதான் சொல்கிறேன். பவளத்திட்டின் மேல் தண்ணீர் மிகக் குறைவு. அலை அங்கே வந்து உடையும்போது மிதக்கிற பிள்ளையை முன்னால் தள்ளும், திரும்பும்போது இழுக்கும், லைஃப் ஜாக்கெட் மூழ்காமல் காப்பாற்றுமே தவிர பவளத்தின்மேல் போய் மோதாமல் காப்பாற்றாது. பவளம் கீறிய காயம் சீக்கிரம் ஆறாது, சீழ் பிடிக்கும். பிள்ளை கால் ஊன்றித் தப்பிக்கப் பார்த்தால் காலடியில் உடைவது பல வருஷம் வளர்ந்த பவளம், உருண்டையாக வளரும் வகைகள் வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுதான் வளரும். பிள்ளைக்கும் ஆகாது, பவளத்துக்கும் ஆகாது. அந்தக் கடலிலேயே பிறந்து வளர்ந்தவர் போதும் என்று சொன்ன பிறகு, கடலே இல்லாத ஊரில் இருந்து போன நாம் அஞ்சு நிமிஷம் பேரம் பேசக்கூடாது. பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், பெரியவர்கள் எதற்கு அடங்குகிறார்கள் என்பதை அவர்கள் அங்கேதான் கற்றுக்கொள்கிறார்கள்.

மதியம் என்ன செய்தோம் என்பது வீடியோவில் வரவில்லை. பஸ்ஸில் ஏறிப் பாம்பன் பாலத்தைத் தாண்டித் தென்பக்கம் குந்துகாலுக்குப் போனோம். அதே காற்று, அதே நாள், ஆனால் நிலம் காற்றை மறைப்பதால் அந்தப் பக்கம் கடல் அடங்கிக் கிடந்தது. காலையில் வாந்தி எடுத்த பிள்ளைகள் கரையில் நின்று இது வேற கடலா சார் என்று கேட்டார்கள். அங்கிருந்து வனத்துறைப் படகில் குருசடைத் தீவுப் பக்கம். எங்களுக்கு இருந்த அனுமதி படகுக்கு மட்டும்தான், அதனால் தண்ணீரில் இறங்கவில்லை, படகில் இருந்தபடியே தெளிந்த தண்ணீரில் பவளத்தைப் பார்த்தார்கள். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவில் இப்படி 21 தீவுகள், 1986ல் கடல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள், 117 வகைப் பவளங்கள் கணக்கெடுக்கப்பட்டிருக்கின்றன. அந்த 21ல் இரண்டு தீவுகள் இப்போது தண்ணீருக்கு மேலே இல்லை. சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பவளத்தை வெட்டி வெட்டி எடுத்ததில் அலையைத் தடுக்க ஆளில்லாமல் கரைந்துபோனவை. இதைக் கேட்டதும் படகே அமைதியாகிவிட்டது. காலையில் அலையின் பலத்தை உடம்பில் வாங்கியவர்களுக்கு, அந்த அலையைத் தடுத்து நிறுத்துவது பவளம் என்று சொன்னால் விளக்கம் தேவைப்படவில்லை.

இதை ஒட்டி ஒரு விஷயம். யாராவது பையில் வெள்ளையாகக் காய்ந்த பவளத் துண்டு வைத்திருந்தால், கரையில் கிடந்ததுதானே என்று வைத்துக்கொள்ளாமல் தயவுசெய்து பள்ளியில் கொடுத்துவிடுங்கள். 2001ல் இருந்து பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, செத்த பவளமானாலும் எடுத்துவரக் கூடாது. கிளம்புவதற்கு முன் பைகளைப் பார்த்தோம், இருந்தாலும் பிள்ளைகள் பிள்ளைகள்தான். திட்ட மாட்டேன், வனத்துறையிடம் ஒப்படைத்துவிடுவோம்.

அடுத்து சொல்லப்போவது எனக்கு இந்தப் பயணத்தைவிட முக்கியம். தண்ணீரில் பதறாமல் இருந்தவர்கள் யார் என்று பார்த்தேன். கே.வி.குப்பம் பக்கத்தில் இருந்தும் குடியாத்தத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் இருந்தும் வரும் பிள்ளைகள், மாமாவோ சித்தப்பாவோ முதுகில் பிளாஸ்டிக் கேனைக் கட்டிக் கிணற்றில் தள்ளிவிட்டுக் கற்றுக்கொடுத்தவர்கள். ஊருக்குள் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு மிதக்கவே தெரியவில்லை, பெண் பிள்ளைகளில் அநேகமாக யாருக்கும் தெரியவில்லை. நம் பக்கம் கிணறுகள் வற்றி போர்வெல் ஆகிவிட்டன, கற்றுக்கொடுக்கக் கிணறும் இல்லை, ஆளும் இல்லை. தண்ணி பக்கம் போகாதே என்று வளர்க்கிறோம். ஆனால் தண்ணீர் நம் பக்கம் வருகிறதே. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடியதை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். மோர்தானா அணை நிரம்பினால் கவுண்டன்யா ஆற்றில் தண்ணீர், ஏரிகள் நிரம்பினால் லீவு நாளில் பிள்ளைகள் அங்கேதான். ஒவ்வொரு மழைக்காலத்திலும் ஏரியில் மூழ்கிய பிள்ளையின் செய்தியைப் பேப்பரில் படிக்கும்போது அது நம் பள்ளிச் சீருடையாக இருக்கக்கூடாதே என்றுதான் முதலில் படத்தைப் பார்க்கிறேன்.

அதனால் ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் சனிக்கிழமை காலைகளில் நீச்சல் வகுப்பு தொடங்குகிறோம். ஆறாம் வகுப்பில் இருந்து எல்லோருக்கும். பெண் பிள்ளைகளுக்குத் தனி நேரம், பெண் பயிற்சியாளர், முழுக்கை முழுக்கால் நீச்சல் உடை போட்டுக்கொள்ளலாம். வயசுக்கு வந்த பெண், சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்று தயங்குகிறவர்கள் என்னிடம் நேரில் வந்து பேசுங்கள். ஆஸ்துமா, வலிப்பு, காதில் பிரச்சினை இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள், சேர்க்க மாட்டோம் என்பதற்காகக் கேட்கவில்லை, யாரை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று எங்களுக்குத் தெரிய வேண்டும்.

பணம். தண்ணீரில் இறங்காத பிள்ளைகளுக்கான ஸ்நார்கல் கட்டணத்தை அங்கே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ரசீதோடு வந்து பள்ளி அலுவலகத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், பிள்ளைகள் கையில் கொடுத்தனுப்ப மாட்டோம். ரயில், பஸ், சாப்பாட்டுச் செலவு திரும்ப வராது.

இறங்க முடியாமல் போன இரண்டாவது அணிக்கு அடுத்த பிப்ரவரியில் முதல் இடம், நீச்சல் வகுப்பை முடித்திருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. அடுத்த முறை கடலுக்கென்று இரண்டு நாள் ஒதுக்குவோம், முதல் நாள் காற்று விடவில்லை என்றால் மறுநாள். இரண்டு நாளும் விடவில்லை என்றால் இறங்காமலேதான் திரும்புவோம், அதற்குச் சம்மதம் என்று எழுதிக் கொடுக்கிறவர்களின் பிள்ளைகளை மட்டும் கூட்டிப்போவேன். நீச்சல் வகுப்புக்கான படிவத்தை வகுப்பாசிரியரிடம் வாங்கி, முழு ஆண்டுத் தேர்வு தொடங்குவதற்கு முன் கொடுத்துவிடுங்கள். நேரில் பேச வேண்டியவர்கள் மாலை நாலு மணிக்கு மேல் எந்த நாளும் என் அறைக்கு வரலாம், வரும்போது பிள்ளையையும் கூட்டி வாருங்கள், அவர்கள் சொல்வதையும் சேர்த்துக் கேட்போம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்