எத்தனை பேர் என்பதோடு யார் வீட்டுப் பிள்ளைகள் என்றும் கேட்போம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேர்க்கை கூடிய அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளியைச் சிறந்த பள்ளி என்று பாராட்டும் வழக்கம் எங்கள் இராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலும் உண்டு. ஆசிரியர் சம்பளத்தை அரசு தர, நிர்வாகத்தைத் திருச்சபையோ ஜமாஅத்தோ உறவின்முறையோ பார்த்துக்கொள்ளும் இப்பள்ளிகள் பல தலைமுறைகளுக்கு எழுத்தறிவித்தவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஆகஸ்ட் 1 அன்றைய மாணவர் எண்ணிக்கைப்படியே ஆசிரியர் பணியிடங்கள் நிர்ணயிக்கப்படுவதால், அதற்கு முன் வீடு வீடாகப் பிள்ளை சேர்ப்பது ஊரறிந்த சங்கதி. இங்கே இருபது பேர் கூடி, அடுத்த தெருவின் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் இருபது பேர் குறைந்தால், ஊரில் ஒரு குழந்தைகூடப் புதிதாகப் பள்ளிக்கு வந்துவிடவில்லை.

அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலம் 1991-இல் சட்டமியற்றித் தொடங்கிவைத்த சார்ட்டர் பள்ளிகளும் ஏறக்குறைய இதே வகைதான்: அரசுப் பணம், தனி நிர்வாகம். அவற்றில் கட்டணம் கிடையாது. இடத்துக்கு மேல் விண்ணப்பம் வந்தால் குலுக்கல். மதிப்பிடுவோர் இலவச அல்லது சலுகை விலை மதிய உணவுக்குத் தகுதியான ஏழை வீட்டுப் பிள்ளைகள், மாற்றுத்திறன் பிள்ளைகள் போன்றோரின் பங்கை வட்டாரத்தின் மற்றப் பொதுப் பள்ளிகளோடு ஒப்பிடுகிறார்கள். இங்கோ சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு, அவை உதவிபெறுபவையானாலும், கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. யாரைச் சேர்ப்பது என்பது பெரும்பாலும் நிர்வாகத்தின் விருப்பம்.

சாதிவாரிக் கணக்கு ஏற்கெனவே இருக்கிறதே என்பார்கள். கடற்கரையில் அது பாதிக் கதையைத்தான் சொல்லும். விசைப்படகு உரிமையாளரின் மகனும், விரல்களில் துணி சுற்றிக்கொண்டு பாறை இடுக்கில் கடற்பாசி எடுக்கும் தாயின் மகளும் பல ஊர்களில் ஒரே சாதிப் பத்தியில் அடங்கிவிடுகிறார்கள். தாய் தீவுப் பக்கம் பாசிக்குப் போன நாளில் கைக்குழந்தையைப் பார்க்க வீட்டில் நிற்பவள் அந்த மகள். சேர்க்கைப் பட்டியலில் அவள் பெயர் இருக்கும், வகுப்பில் அவள் இருக்கமாட்டாள். உதவிபெறும் பள்ளிக்குள்ளேயே கட்டணம் வாங்கும் சுயநிதி ஆங்கில வழிப் பிரிவும் நடந்தால், எண்ணிக்கை கூடியது எந்தப் பிரிவில் என்பதையும் பார்க்க வேண்டும். பள்ளி திறக்கும் ஜூன் தொடக்கத்தில் மீன்பிடித் தடைக்காலம் (ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை) முடிந்திருக்காது. படகில் கூலிக்குப் போவோர் வீட்டில் கட்டணத்துக்குப் பணம் புரளாத நேரம் அது.

வேறொன்றும் உண்டு. காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் வந்தது. ஊரகத்து உதவிபெறும் பள்ளிகளுக்கோ 2024 ஜூலையில்தான் வந்தது. இடைப்பட்ட ஆண்டின் சேர்க்கையை வைத்து எந்தப் பள்ளியையும் ஏற்றியோ இறக்கியோ பேசுவது நியாயமாகாது.

மாணவர் விவரங்களில் பெரும்பகுதி பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் (EMIS) என்ற இணையப் பதிவுத் தளத்தில் ஏற்கெனவே பதிவாகிறது. பிள்ளைகளின் பெயரை வெளியிடாமல், குடியிருப்பு, பெற்றோர் தொழில், பயிற்றுமொழி, மாற்றுத்திறன், வருகை ஆகியவற்றின்படி ஒவ்வொரு தொடக்கப் பள்ளியின் கணக்கையும், அருகிலுள்ள பள்ளிகளின் கணக்கோடு சேர்த்து, அக்டோபர் 2 கிராம சபையில் வைக்கத் தொடக்கக் கல்வித் துறை ஆவன செய்ய வேண்டும். இடையில் நின்றவர்களின் கணக்கை ஜனவரி 26 கிராம சபையில் வைக்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர்,
பாம்பன்.