சித்தூரில் இருக்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். செவலை மாடு போன செவ்வாய்க்கிழமை கிடாரிக் கன்று ஈன்றிருக்கிறது. நஞ்சுக்கொடி விழக் கொஞ்சம் நேரமானதில் அம்மா பயந்துவிட்டாள். இப்போது ஒன்றும் இல்லை.

தனியார் பால் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்ததைப் போனில் சொல்லிவிட்டு, "அப்பா, உனக்கு வருத்தமா?" என்று கேட்டாய். ஊர்ப் பால் கூட்டுறவுச் சங்கத்தில் முப்பத்திரண்டு வருஷம் பால் டெஸ்ட் பார்த்தவன் மகள் தனியாருக்குக் கொள்முதல் பார்க்கப் போகிறாளே என்று நான் முகம் சுளித்திருப்பேன் என நினைத்திருப்பாய். வருத்தம் இல்லை கண்ணு. ஆனால் அடுத்தவன் கறந்த பாலுக்கு விலை சொல்லும் இடத்தில் இனி நீ நிற்கப் போகிறாய். அதே இடத்தில் நின்றவன் என்பதால் சிலது சொல்லத் தோன்றுகிறது. போனில் சொன்னால் பாதியில் விட்டுப்போகும்.

உன் தாத்தா காலத்தில் பாலக்கோடு பக்கம் பாலுக்கு விலை என்று தனியாக ஒன்று இல்லை. வியாபாரி சொன்னதுதான். மாடு வாங்க அவன் முன்பணம் கொடுப்பான், அது தீரும் வரை பால் அவனுக்குத்தான். அளக்கும் படியும் அவனுடையது, கணக்கு நோட்டும் அவனுடையது. கடன் எப்போது தீரும் என்று உன் ஆயா ஒருநாள் கேட்டதற்கு, "மாடு வற்றும்போது பார்க்கலாம்" என்றானாம். இதைச் சொல்லும்போதெல்லாம் ஆயாவின் குரல் மாறிவிடும்.

குஜராத்தில் கேடா மாவட்டத்துக்காரர்கள் பட்டதும் இதேதான். பம்பாய்க்குப் பால் எடுக்கும் உரிமை ஒரே கம்பெனியிடம் இருந்தது. விவசாயிகள் சர்தார் படேலிடம் போய் முறையிட்டார்கள். பதினைந்து நாள் ஒரு சொட்டுப் பால்கூட ஊற்றாமல் நிறுத்தினார்கள். அப்புறம் திரிபுவன்தாஸ் படேல் தலைமையில் 1946 டிசம்பர் 14-ல் தங்கள் கூட்டுறவுச் சங்கத்தைப் பதிவு செய்தார்கள். அதுதான் பின்னாளில் அமுல் ஆனது. ஆரம்பத்தில் இரண்டே ஊர், நாளைக்கு 250 லிட்டர் அளவுக்குத்தான் பால். அமுலை வளர்த்த வர்கீஸ் குரியன் 1949-ல்தான் அந்தச் சங்கம் இருந்த ஆனந்துக்கு வந்தார். கோழிக்கோட்டில் பிறந்து, நம் சென்னையில் லயோலாவிலும் கிண்டி பொறியியல் கல்லூரியிலும் படித்தவர். அவர் பெயரைச் சொல்கிறவர்கள் அந்தப் பதினைந்து நாளை மறந்துவிடுகிறார்கள், அது எனக்குப் பெரிய குறை. கன்று குடித்தது போக மிச்சத்தைக் கறந்து கையில் வைத்துக்கொண்டு அதை விற்காமல் இருப்பது என்ன பாடு என்று மாடு வைத்திருப்பவனுக்குத்தான் தெரியும்.

1970-ல் வெண்மைப் புரட்சித் திட்டம் வந்தது. ஐரோப்பாவிலிருந்து தானமாக வந்த பால்பவுடரையும் வெண்ணெய் எண்ணெயையும் பாலாக்கி சென்னை மாதிரிப் பெரிய நகரங்களில் விற்று, அந்தப் பணத்தில் கிராமச் சங்கங்களையும் பால் பதப்படுத்தும் ஆலைகளையும் கட்டினார்கள். தானமாக வந்ததை மலிவாக விற்றுத் தள்ளியிருந்தால் நம் ஊர்ப் பாலுக்கு விலையே போயிருக்கும். தமிழ்நாட்டில் 1958-ல் பால்வளத்துறை, 1972-ல் பால்வளக் கழகம், 1981-ல் கூட்டுறவு இணையம் என்று வரிசையாக வந்தன. ஊரில் சங்கம், மாவட்டத்தில் ஒன்றியம், சென்னையில் இணையம். ஆவின் என்று அதற்குப் பெயர் வைத்தவர் யாரோ நல்ல தமிழ் அறிந்தவர். ஆ என்றால் பசு, ஆவின் பால் என்றால் பசுவின் பால். இப்படி ஒரு பெயர் வாய்த்ததில் எனக்குப் பெருமை.

நான் சேர்ந்தபோது பாலின் கொழுப்பைத் தானே காட்டும் மெஷின் கிடையாது. ப்யூட்டிரோமீட்டர் என்ற கொழுப்பு அளக்கும் கண்ணாடிக் குழாயில் 10 மில்லி கந்தக அமிலம், 10.75 மில்லி பால், 1 மில்லி அமைல் ஆல்கஹால் ஊற்றி, மூடிக் குலுக்கி, கையால் சுற்றும் மெஷினில் வைத்துச் சுற்ற வேண்டும். குழாய் கையில் கொதிக்கும். என் இடது கையில் இருக்கும் தழும்பு அந்த அமிலம்தான். பாலின் அடர்த்தியைக் காட்டும் லாக்டோமீட்டர் மட்டும் போதாதா என்று நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது கேட்டிருக்கிறாய். தண்ணீர் சேர்த்தால் டிகிரி இறங்கும். ஏடு எடுத்தால் டிகிரி ஏறும். இரண்டையும் சேர்த்துச் செய்தால் டிகிரி சரியாக நிற்கும். அதனால்தான் கொழுப்பையும் பார்க்க வேண்டும்.

நான் செய்த தப்பு ஒன்றையும் சொல்கிறேன், இதுவரை வீட்டில் சொன்னதில்லை. சேர்ந்த இரண்டாம் வருஷம். ஒரு மாட்டை வைத்து மூன்று பிள்ளைகளை வளர்த்த அம்மா ஒருவர் தூரத்துக் கொட்டாயிலிருந்து பால் கொண்டுவருவார். ஒருநாள் அவர் பாத்திரம் வரிசையில் ரொம்ப நேரம் நின்றுவிட்டது. நான் கலக்காமல் அடியிலிருந்து மாதிரி எடுத்துவிட்டேன். கொழுப்பு மேலே ஏறி நிற்குமே, அந்த அவசரத்தில் தோன்றவில்லை. டெஸ்டில் கொழுப்பு 3.2 சதவீதம் வந்தது. "என் மாட்டுக்கு இது வராதே சாமி" என்றார். "டெஸ்ட் பொய் சொல்லுமா?" என்று கேட்டேன். அவர் பேசாமல் போய்விட்டார். மறுநாள் நன்றாகக் கலக்கி எடுத்தேன், 4.1. முந்தின நாள் காசைக் கார்டில் திருத்திக் கொடுத்தேன். ஆனால் அத்தனை பேர் முன்னால் அவரைப் பொய்க்காரி மாதிரி நிற்க வைத்துவிட்டேனே, அதைத் திருத்த முடியவில்லை. அன்றிலிருந்து குழாயை வெளிச்சத்தில் பிடித்து, பால் ஊற்றியவர் கண்ணுக்கு நேரே காட்டாமல் நான் எழுதியதில்லை.

நம் மண் மானாவாரி. ராகியும் சாமையும் மழை பார்த்துத்தான் வரும், பணம் வருஷத்துக்கு ஒருமுறை. ஆண்கள் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனார்கள். ஊரில் தங்கிய பெண்கள் கையில் காசு புரண்டது பால் பட்டுவாடா நாளில்தான். ஒன்றில் மட்டும் எனக்கு மனக்குறை. பென்னாகரம் பக்கத்து ஆலம்பாடி மாடு ஏருக்கும் வண்டிக்கும் பேர்போனது, ஆனால் பால் கம்மி. கலப்பினக் கருவூட்டல் ஊசி வந்ததும் தொழுவம் தொழுவமாக அது காணாமல் போனது. நானும்தான் வேண்டாம் என்று விற்றேன்.

உன் கம்பெனி லிட்டருக்கு இரண்டு ரூபாய் கூடக் கொடுக்கும் என்றாய். கொடுக்கட்டும். போட்டி இருந்தால் மாட்டுக்காரனுக்கு நல்லதுதான். ஆனால் மழை முடிந்து பசும்புல் நிறைந்து, எல்லா மாடும் ஒரே சமயம் கறக்கும் மாதம் ஒன்று வரும். பால் தேங்கும். அப்படி ஒரு மாதத்தில் நம் ஊருக்கு வந்துகொண்டிருந்த ஒரு தனியார் வண்டி சொல்லாமலே நின்றுபோனது. வழக்கமாக அதற்கு ஊற்றியவர்கள் கேனோடு ரோட்டில் நின்றார்கள். 2020 ஊரடங்கில் டீக்கடைகள் மூடியபோதும் அப்படித்தான், எங்கள் சங்கத்துக்கு என்றும் இல்லாத அளவு பால் வந்தது. உறுப்பினர் பாலை வேண்டாம் என்று சொல்ல முடியாது, அதனால் இரவு பதினொன்று வரை ஊற்றினோம். பால் மிகுந்த அந்த மாதத்துக்கு என்ன ஏற்பாடு என்று உன் மேனேஜரிடம் இப்போதே கேட்டு வை. அந்த மாதம் வந்த பிறகு கேட்டுப் பயனில்லை.

வேலைக்குப் போகும் ஊர்களில் விலைப்பட்டியலைத் தெலுங்கில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறார்களா? கொழுப்பும், கொழுப்பு நீங்கலான மற்றத் திடச்சத்தான எஸ்.என்.எஃப்.பும் எவ்வளவு இருந்தால் எவ்வளவு காசு என்று பால் ஊற்றுகிறவர் தானே படித்துப் பார்க்க முடிகிறதா? அடுத்த தடவை போகும்போது பார்த்துவிட்டு எனக்கு எழுது.

அப்பா