பெல்ஃபாஸ்ட் ஒலிநாடாக்களில் விடுபட்ட ஒரு வரி

ஆசிரியர் அவர்களுக்கு,

பிரிட்டனோடு இருப்பதா, அயர்லாந்தோடு சேர்வதா என்று நடந்த வட அயர்லாந்து மோதல் காலத்தில் பணியிலிருந்த காவலர்களும் செய்தியாளர்களும் சொல்வதை அவர்கள் வாயாலேயே கேட்டுப் பதிய வேண்டும் என்ற தங்கள் கட்டுரையோடு உடன்படுகிறோம். ஆனால் கேட்டுவிட்டாலே போதும் என்பதுபோல் எழுதியிருப்பதுதான் இடிக்கிறது.

அமெரிக்காவின் பாஸ்டன் கல்லூரி 2001 முதல் 2006 வரை முன்னாள் ஆயுதக் குழுவினரின் பேட்டிகளை வட அயர்லாந்தின் தலைநகர் பெல்ஃபாஸ்டில் பதிவு செய்தது. தாங்கள் உயிரோடு இருக்கும்வரை எதுவும் வெளிவராது என்று நம்பித்தான் அவர்கள் வாய் திறந்தார்கள். திட்ட இயக்குநரோடு கல்லூரி போட்ட ஒப்பந்தத்தில், ரகசியம் காப்பது 'அமெரிக்கச் சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு' என்றொரு வரி இருந்தது. பேட்டி கொடுத்தவர்கள் கையெழுத்திட்ட தாளில் அந்த வரியைக் காணோம்! 1972 டிசம்பரில் கடத்திக் கொல்லப்பட்ட, பத்துப் பிள்ளைகளின் தாயான ஜீன் மக்கான்வில் வழக்குக்காக நாடாக்களைக் கேட்டு 2011இல் கல்லூரிக்குச் சம்மன் வந்தது. நாடாக்கள் சில காவல்துறை கைக்குப் போயின. 2019இல் பெல்ஃபாஸ்ட் நீதிமன்றம் அவற்றை நம்பத்தகாதவை என்று தள்ளியது. காக்க முடியாத ரகசிய உறுதி ஒரு காரணம், பேட்டி எடுத்தவரின் சாய்வு இன்னொன்று. ரகசியமும் போயிற்று, சாட்சியமும் நிற்கவில்லை.

ஆகவே, ஒலிப்பதிவுக் கருவியைத் தொடும் முன்பே 'நீதிமன்றம் கேட்டால் எங்களால் மறைக்க முடியாது' என்று சொல்லி, அதை எழுத்திலும் கொடுத்துவிட வேண்டும்.

காவலரிடம் 'அந்தக் காலம் எப்படி இருந்தது?' என்று கேட்டால் அறிக்கைதான் வரும். 'சீருடைச் சட்டையை எங்கே உலர்த்தினீர்கள்?' என்று கேளுங்கள். அக்கம்பக்கத்தார் கண்ணில் படக்கூடாதென்று வீட்டுக்குள்ளேயே கொடி கட்டியது, காலையில் காரை எடுக்கும் முன் குனிந்து அடியில் குண்டு இருக்கிறதா என்று பார்த்தது, அப்பா வேலையைப் பற்றி வெளியே மூச்சுவிடக் கூடாதென்று பிள்ளைகளைப் பழக்கியது எல்லாம் அங்கிருந்துதான் வரும். ஊர்ப்பெயரிலும் கவனம் தேவை. ஒரே ஊர்தான், அயர்லாந்தோடு சேர விரும்பும் ஒருவருக்கு டெர்ரி, பிரிட்டனோடு இருக்க விரும்பும் இன்னொருவருக்கு லண்டன்டெர்ரி. அவர் சொன்ன பெயரையே நீங்களும் சொல்லுங்கள், எழுத்துப்படியிலும் திருத்தாதீர்கள். மாற்றிச் சொன்னால் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

செய்தியாளரிடம் முதலில் அன்றைய குறிப்பேட்டைக் கேளுங்கள். பழைய தொலைக்காட்சிப் பதிவை மட்டும் நம்புவது ஆபத்து. 1988 அக்டோபர் முதல் 1994 செப்டம்பர் வரை ஐ.ஆர்.ஏ. ஆயுதக் குழுவோடு தொடர்புடைய சின் ஃபெய்ன் கட்சி உள்ளிட்ட அமைப்புகளின் சார்பில் பேசுவோரின் குரலை பிரிட்டனில் ஒலிபரப்பத் தடை இருந்தது. திரையில் வாயசைப்பவர் ஒருவர், நாம் கேட்கும் குரல் ஒரு நடிகருடையது.

புகைப்படங்களைக் கடைசியில் காட்டுங்கள். 1972 ஜனவரி 30 அன்று டெர்ரியில் ராணுவம் சுட்டதில் 13 பேர் அன்றே இறந்தார்கள். அதை ஆராய 1998இல் அமைக்கப்பட்ட, நீதிபதி சாவில் தலைமையிலான விசாரணையில் பலர் சாட்சி சொன்னபோது ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஓடியிருந்தன. இத்தனை காலத்தில் கண்ணால் கண்டதும் டிவியில் பார்த்ததும் நினைவில் ஒட்டிக்கொள்ளும். வெறும் தெருப்படத்தைக் கொடுத்து, நின்ற இடத்தை முதலில் அவரையே புள்ளி வைக்கச் சொல்வது நல்லது. பிறகு அவர் தன் பேச்சைத் திருத்த விரும்பினால் தனித்தாளில் எழுதி வாங்குங்கள். மூலப் பதிவில் கை வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
வாய்மொழி வரலாறு பதிவோர் இருவர்,
மதுரை