கார்த்திக்கு: பெரிட்டோ மொரேனோவை அரை நாளில் பார்க்க முடியாது

அன்புள்ள கார்த்தி,

ஜனவரியில் நீயும் திவ்யாவும் அர்ஜென்டினா போவது கேட்டு எங்களுக்கு ரொம்ப சந்தோஷம். "பெரிட்டோ மொரேனோ பனியாற்றை மத்தியானத்துக்குள் முடித்துவிட்டு, சாயங்காலமே அடுத்த ஊரான எல் சால்ட்டேனுக்குப் பஸ் ஏறிவிடலாமா அக்கா?" என்று கேட்டிருந்தாய். வேண்டாம்டா. அந்த ஒரு நாளை முழுசாகப் பனியாற்றுக்கே கொடுத்துவிடு.

நீங்கள் தங்கும் எல் கலாஃபாட்டே ஊரிலிருந்து பனியாறு சுமார் 80 கிலோமீட்டர். காலை பஸ்ஸிலேயே கிளம்பிவிடுங்கள். டூர் வேன் தேவையில்லை, அவர்களும் பனியாற்றுக்கு எதிரே இருக்கும் அதே மரப்பலகைப் பாதையில்தான் கொண்டுபோய் இறக்குகிறார்கள். திரும்புவதற்குக் கடைசி பஸ்ஸாகப் பார்த்து எடு. அங்கே ஜனவரியில் ராத்திரி பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். வழியில் ஒரு திருப்பத்தில் பனியாறு முதல்முறையாகத் தெரியும். பஸ்ஸில் எல்லோரும் ஒரு பக்கமாகச் சாய்ந்து போன் எடுப்பார்கள், நீயும் எடுத்துக்கொள். ஆனால் அங்கிருந்து பார்த்து அதன் அளவைப் புரிந்துகொள்ள முடியாது.

அந்தப் பலகைப் பாதையில் போய் நின்றால்தான் விஷயம். தண்ணீருக்கு மேலே சுமார் 70 மீட்டர் உயரம், 5 கிலோமீட்டர் அகலத்துக்குப் பனிச்சுவர். பின்னால் 30 கிலோமீட்டர் நீளத்துக்கு மலைக்குள் போகிறது. பனியின் பாரத்தால் உள்ளே இருக்கும் காற்றுக் குமிழிகள் நசுங்கி வெளியேறிவிடும். அப்படி இறுகிய பனி சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்வதால் நமக்கு நீலம் மட்டும் மிஞ்சுகிறது. சுவரிலிருந்து பனித் துண்டு உடைந்து விழுந்த இடத்தைப் பார், அங்கேதான் நீலம் அடர்த்தி.

துண்டு விழுவதைப் பார்க்கத்தான் நேரம் வேண்டும். உள்ளே எங்கோ 'டமார்' என்று கேட்கும், எல்லோரும் திரும்புவார்கள், ஒன்றும் நடக்காது. இப்படியே பலமுறை ஏமாற்றும். பிறகு சுவரின் ஓரிடத்தில் பொடி உதிர ஆரம்பிக்கும். அதைக் கவனித்துக்கொண்டே இரு. கொஞ்ச நேரத்தில் ஒரு கட்டடம் அளவுக்குப் பனி சரியும். கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் சத்தம் வந்து சேரும். விழுந்தது மூழ்கி, மறுபடி மேலே வந்து புரளும்போது அதன் அடிப்பக்கம் கண்ணாடியாகத் தெரியும். அலை கரைக்கு வர இன்னும் கொஞ்ச நேரம் ஆகும். உங்க மாமா வீடியோ எடுக்கிறேன் என்று நின்று, மூன்று நல்ல சரிவுகளைத் திரைக்குள்ளேயே பார்த்தார். திவ்யாவிடம் சொல்லிவை. வெயில் ஏறிய பிறகு அதிகம் உடையும் என்று அங்குள்ளவர்கள் சொல்கிறார்கள். மத்தியானத்தோடு கிளம்ப வேண்டாம் என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

தெற்குப் பக்கம் இருக்கும் பிராசோ ரிக்கோ என்ற ஏரிக் கிளையையும் விட்டுவிடாதே. பனியாறு சில சமயம் முன்னேறி வந்து எதிர்க்கரையைத் தொட்டு, ஏரியின் அந்தக் கிளையை அணைபோல் அடைத்துவிடும். தண்ணீர் வெளியேற வேறு வழி கிடையாது. 30 மீட்டர் வரைகூட மட்டம் ஏறும். பிறகு அந்த அழுத்தமே பனிக்கு அடியில் குடைந்து சுரங்கம் போட, அது அகன்று அகன்று மேலே ஒரு வளைவு மட்டும் நிற்கும், கடைசியில் அதுவும் இடிந்து விழும். 1988-க்குப் பிறகு 2004 வரை இது நடக்கவே இல்லை. 2018 மார்ச்சில் நடந்தபோது வளைவு ராத்திரியில் இடிந்தது, காத்திருந்த கூட்டத்துக்குப் பெருத்த ஏமாற்றம்! பிராசோ ரிக்கோ கரையில் மரம் செடி இல்லாமல் ஒரு பட்டை வெறுமையாகத் தெரிகிறதா என்று பார். தண்ணீர் ஏறி நின்ற தடம் அது.

இன்னொன்று. உலகத்துப் பனியாறுகள் எல்லாம் சுருங்க, இது மட்டும் நிலையாக இருக்கிறது என்று நாங்கள் படித்த பழைய வழிகாட்டிகளில் இருந்தது. அதை இப்போது நம்பாதே. 2019-க்குப் பிறகு இதுவும் பின்வாங்குகிறது, சில இடங்களில் 800 மீட்டர் வரை. பழைய படங்களோடு ஒப்பிட்டு "இங்கே தொட்டுக்கொண்டிருந்ததே" என்று தேடாமல் இருக்கத்தான் சொல்கிறேன்.

பனிமேல் நடக்கும் டூருக்குப் பணம் போதுமா என்று கேட்டாய். வழுக்காமல் இருக்க ஷூவில் இரும்பு முள் கட்டிக்கொண்டு நடப்பது நல்ல அனுபவம்தான். ஆனால் உங்கள் பட்ஜெட்டில் அது பல நாள் ஹாஸ்டல் வாடகை. மேலே ஏறிவிட்டால் சுவரும் தெரியாது. என்னைக் கேட்டால் பலகைப் பாதையே போதும். அந்தக் காசை எல் சால்ட்டேனில் செலவு பண்ணு.

சாப்பாட்டை ஊரிலேயே வாங்கிக்கொள். உள்ளே இருக்கும் உணவகத்தில் விலை கொள்ளை. பேக்கரியில் எம்பனாடா கிடைக்கும், நம்ம சோமாசி மாதிரி, உள்ளே கறி. காற்று நுழையாத ஜாக்கெட் கட்டாயம். வெயில் அடிக்கிறதே என்று ஸ்வெட்டரோடு போனால் பலகையில் பத்து நிமிஷம் உட்கார முடியாது. நுழைவுக் கட்டணம் வெளிநாட்டவருக்கு அதிகம், அடிக்கடி ஏற்றுகிறார்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் பார்த்துக்கொள்.

எல் சால்ட்டேன் பஸ்ஸை மறுநாள் காலைக்குப் போடு. டிக்கெட் எடுத்ததும் தேதியை எனக்கு அனுப்பு, அங்கே நாங்கள் தங்கிய இடத்தைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

அன்புடன்,
அக்கா