சோடியம் சிட்ரேட் என்று எழுதிய பையில் சிட்ரிக் ஆசிட் வந்திருக்கிறது

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம். உங்களிடம் ஒரு கிலோ ட்ரைசோடியம் சிட்ரேட் வாங்கினேன். லேபிளில் அந்தப் பெயர்தான் இருக்கிறது, உள்ளே இருப்பது சிட்ரிக் ஆசிட்.

குடியாத்தத்தில் இருக்கிறேன். வீட்டுக்கும் சொந்தக்காரர்களுக்கும் தேங்காய் எண்ணெயில் லிக்விட் சோப் நானே காய்ச்சுகிறேன். எங்கள் போர் தண்ணீரில் வெறும் சோப்பு போட்டால் நுரையே எழும்பாது, வெள்ளையாகத் திப்பி திப்பியாக மிதந்து பக்கெட் ஓரமெல்லாம் ஒட்டிக்கொள்ளும். தண்ணீரில் இருக்கிற கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் சோப்பிடம் போகவிடாமல் சிட்ரேட் பிடித்து வைக்கும், அதற்காகத்தான் இதை வாங்குவதே.

இந்த முறை இரண்டு சதவீதம் கரைத்து ஊற்றினேன். கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்த சோப் அந்த நிமிடமே வெளுத்துக் கலங்கிவிட்டது, காலையில் பார்த்தால் மேலே கொழகொழவென்று கொழுப்பு தனியாகப் பிரிந்து நிற்கிறது. சோப்பில் அமிலம் விழுந்தால் அப்படித்தான் ஆகும். சந்தேகம் வந்து அந்தப் பொடியைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து நீல லிட்மஸ் தாளை விட்டேன், சிவந்துவிட்டது. சமையல் சோடா ஒரு சிட்டிகை போட்டதும் புசுபுசுவென்று பொங்கியது. உண்மையான சோடியம் சிட்ரேட் கரைசலின் pH 8 பக்கம் இருக்கும், அது பொங்காது.

போன் செய்தால் உங்கள் ஆள், "ரெண்டும் ஒண்ணுதாங்க, அளவைக் குறைச்சுப் போடுங்க" என்கிறார். இதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒன்று அமிலம், இன்னொன்று அந்த அமிலத்தின் உப்பு. இதே பையை வாங்கி யாராவது முகத்துக்கு டோனர் கலக்கினால், ஒரு சதவீதத்திலேயே pH மூன்றுக்குக் கீழே இறங்கிவிடும், தோல் எரியும், அதுவும் குழந்தைக்கான லோஷன் என்றால் யோசித்துப் பாருங்கள்.

எனக்குப் பொடியின் விலையும் வீணான எண்ணெயின் விலையும் வேண்டும். அதைவிட முக்கியம், அந்த பேட்ச் எண்ணில் வாங்கிய எல்லோருக்கும் உடனே தகவல் சொல்லுங்கள், மீதி சரக்கை விற்காதீர்கள், பேட்ச் எண்ணோடு ஆய்வுச் சான்றிதழ் அனுப்புங்கள். ஒரு வாரத்தில் எழுத்தில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிவு செய்வேன், அப்புறம் வேலூர் நுகர்வோர் ஆணையத்துக்கும் போவேன்.

பில், லேபிள், லிட்மஸ் தாள், பிரிந்துபோன சோப் எல்லாவற்றின் படமும் இணைத்திருக்கிறேன். மீதிப் பொடி அதே பையில் இருக்கிறது, உங்கள் செலவில் கூரியர் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர், குடியாத்தம்